கழித்தல் கணக்கு

(நாக்பூரில் நடந்த மூத்த அங்கத்தினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "சார், போன தடவை டாக்டர் வந்து சர்க்கரை வியாதி பற்றிப் பேசிவிட்டார். அதற்கு முந்தின தடவை பென்ஷன் விதிகள் ஆகிவிட்டன. இந்தத் தடவை நீங்கள் மனசைப் பற்றிப் பேசுங்கள்" என்றார். நான் மனோதத்துவம் படித்தவன் இல்லை. 1971-ல் பி.எஸ்ஸி. பௌதிகம் முடித்து, 1974-ல் மத்திய அரசு உத்தியோகத்தில் சேர்ந்து, 37 வருஷம் ஃபைல் பார்த்து, 2011-ல் ஓய்வு பெற்றவன். ஆகவே கொஞ்சம் பௌதிகம், கொஞ்சம் ஆபீஸ் அனுபவம், அங்கங்கே படித்தது, இவற்றை வைத்துக்கொண்டு பேசுகிறேன். நம்மை நம் சமவயதுக்காரர்களோடும் சகாக்களோடும் ஒப்பிட்டுப் பார்ப்பதால் நம் சந்தோஷம் எப்படிக் கரைகிறது, நன்றி என்கிற உணர்வு எப்படிக் காணாமல் போகிறது என்பதுதான் விஷயம்.

முதலில் ஒரு கேள்வி. இங்கே யாருக்காவது முகேஷ் அம்பானியைப் பார்த்துப் பொறாமை உண்டா? கையைத் தூக்குங்கள். ஒருவரும் தூக்கவில்லை. சரி. உங்களோடு அதே வருஷம் அதே பரீட்சை எழுதி, அதே நாளில் வேலைக்குச் சேர்ந்து, ஒரு படி மேலே போய் ரிடையர் ஆனவரைப் பார்த்து? (சிரிப்பு) இந்தச் சிரிப்பே பதில்.

1954-ல் லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற அமெரிக்க மனோதத்துவ அறிஞர் இதை ஒரு கோட்பாடாகவே எழுதினார். மனிதன் தன்னை அளந்து பார்க்க விரும்புகிறான். அதற்குத் திட்டமான அளவுகோல் கிடைக்காதபோது மற்ற மனிதர்களையே அளவுகோலாக வைத்துக்கொள்கிறான். அதிலும் தன்னை ஒத்தவர்களைத்தான் தேர்ந்தெடுக்கிறான் என்றார். நம் பாட்டிகளுக்கு இது முன்னாலேயே தெரியும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் தாயாதிக் காய்ச்சல். மகாபாரதத்தில் துரியோதனனுக்கு ஹஸ்தினாபுரமே இருந்தது. பூமியில் எத்தனையோ ராஜாக்களும் இருந்தார்கள். அவர்களைப் பார்த்தெல்லாம் அவன் இளைக்கவில்லை. இந்திரப்பிரஸ்தத்தில் தன் சித்தப்பா பிள்ளைகள் ராஜசூயம் செய்து, தேசத்து மன்னர்கள் எல்லாம் காணிக்கையோடு வரிசையில் நின்றதைப் பார்த்துத்தான் அவனுக்குத் தூக்கம் போயிற்று.

இப்போது ஒரு சின்னப் பரிசோதனை. இன்று சாயங்காலமே அகத்தில் செய்து பார்க்கலாம். பேரன் பேத்தி இருந்தால் அவர்களையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். மூன்று பாத்திரங்களில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஐஸ் போட்ட தண்ணீர், ஒன்றில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர், நடுவில் சாதாரணத் தண்ணீர். இடது கையை ஐஸ் தண்ணீரிலும் வலது கையை வெந்நீரிலும் ஒரு நிமிஷம் வைத்திருங்கள். பிறகு இரண்டு கைகளையும் நடுப் பாத்திரத்தில் ஒரே சமயத்தில் விடுங்கள். இடது கை "சுடுகிறது" என்கும். வலது கை "ஜில்லென்று இருக்கிறது" என்கும். தண்ணீர் ஒன்றுதான். ஒரே தண்ணீர் இரண்டு கைக்கும் இரண்டு விதமாகத் தெரிவதைப் பற்றி 17-ம் நூற்றாண்டிலேயே ஜான் லாக் எழுதியிருக்கிறார். கை வெப்பமானி இல்லை; முன்னால் எதில் இருந்ததோ அதற்கும் இப்போது இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அது சொல்லும். நாக்பூரில் மே மாதம் 45 டிகிரிக்குப் பிறகு ஒரு நாள் 42 ஆனால், "இன்னிக்குப் பரவாயில்லை" என்று வாசலில் நாற்காலி போட்டு உட்காருகிறோம். அதே நாளில் சிம்லாவிலிருந்து வந்து இறங்கும் சம்பந்தி மயக்கம் போடுகிறார். மனசும் இப்படித்தான் அளக்கிறது.

இது வெறும் உவமை இல்லை என்பதற்கு இரண்டு ஆராய்ச்சிகளைச் சொல்கிறேன். 1992-ல் பார்ஸிலோனாவில் ஒலிம்பிக் போட்டிகள் நடந்தன. மெட்வெக், மேடி, கிலோவிச் என்ற மூவர், அதன் டெலிவிஷன் படங்களிலிருந்து வெள்ளிப் பதக்கமும் வெண்கலப் பதக்கமும் வென்றவர்களின் முகங்களை மட்டும் எடுத்து, யார் எவர் என்று அறியாதவர்களிடம் காட்டி, முகத்தில் தெரியும் மகிழ்ச்சிக்கு 10-க்கு மார்க் போடச் சொன்னார்கள். ஆராய்ச்சிக் கட்டுரை 1995-ல் வெளிவந்தது. போட்டி முடிந்த உடனே எடுத்த படங்களில் வெள்ளிக்காரர்களுக்குக் கிடைத்த சராசரி 4.8. வெண்கலக்காரர்களுக்கு 7.1! உலகத்தில் இரண்டாவதாக வந்தவரைவிட மூன்றாவதாக வந்தவர் முகத்தில் சந்தோஷம் அதிகம். வெள்ளி வாங்கினவர் தங்கத்தைப் பார்க்கிறார். வெண்கலம் வாங்கினவர் பதக்கமே இல்லாமல் போன நாலாவது ஆளைப் பார்க்கிறார். நாம் எல்லாரும் படித்து, உத்தியோகம் பார்த்து, குடும்பம் நடத்தி முடித்தவர்கள். நம்மில் அநேகர் வெள்ளிப் பதக்கக்காரர்கள். அதுதான் நம் கஷ்டம்.

இரண்டாவது, 1998-ல் சோல்னிக், ஹெமன்வே என்ற இருவர் வெளியிட்டது. ஹார்வர்டின் பொதுச் சுகாதாரக் கல்லூரியில் இருந்தவர்களிடம் கேட்டார்கள். உங்களுக்கு வருஷம் 50,000 டாலர், மற்றவர்களுக்கு 25,000 டாலர். அல்லது உங்களுக்கு 1,00,000 டாலர், மற்றவர்களுக்கு 2,00,000 டாலர். விலைவாசி இரண்டிலும் ஒன்றே. எது வேண்டும்? ஏறக்குறையப் பாதிப் பேர் 50,000 போதும் என்றார்கள்! கையில் வருவது பாதியானாலும் பரவாயில்லை, பக்கத்து நாற்காலிக்காரர் நம்மைவிடக் குறைவாக வாங்க வேண்டும். ஆனால் இதே கேள்வியைப் பணத்துக்குப் பதில் விடுமுறை வாரங்களாக வைத்துக் கேட்டபோது பெரும்பாலோர், மற்றவர்களுக்கு எத்தனை இருந்தால் என்ன, எனக்கு அதிக லீவு கொடுங்கள் என்றார்கள். இதில் எனக்கு ஒரு பாடம் தெரிகிறது. லீவை நாம் நிஜமாக அனுபவிக்கிறோம். அனுபவிக்கும் பொருளுக்குப் பக்கத்து ஆளின் கணக்கு வேண்டியதில்லை. வெறும் எண்ணாக இருப்பதற்குத்தான் அது வேண்டியிருக்கிறது.

இங்கே ஒருவர் எழுந்து கேட்கலாம்: "அப்படியானால் ஒப்பீடே தப்பா? எனக்கு வர வேண்டியது அடுத்தவனுக்குப் போனால் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமா?" நியாயமான கேள்வி. அரசாங்கமே ஒப்பிடுவதை ஒப்புக்கொண்டிருக்கிறது. 1922-லிருந்து அமலில் இருக்கும் ஃபண்டமெண்டல் ரூல்ஸை எல்லாரும் அறிவீர்கள். அதன் கீழ், ஜூனியர் ஒருவர் சீனியரைவிட அதிகச் சம்பளம் வாங்கும் விபரீதம் நேர்ந்தால், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு சீனியரின் சம்பளத்தை அந்த அளவுக்கு உயர்த்தலாம். 'ஸ்டெப்பிங் அப்' என்று மணிக்கணக்கில் நாம் நோட் எழுதியது இதற்குத்தான். அதைவிடப் பெரிய உதாரணம் நகாரா வழக்கு. 1979-ல் பென்ஷன் விதிகளைத் தளர்த்தியபோது, அந்த வருஷம் மார்ச் 31-லோ அதற்குப் பிறகோ ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டுமே பலன் என்று வைத்தார்கள். ஒரு நாள் முன்னால் ரிடையர் ஆனவருக்கு இல்லை. ஒரே வேலை பார்த்தவர்களை ஒரு தேதியை வைத்துப் பிரிப்பது சமத்துவத்துக்கு விரோதம் என்று 1982 டிசம்பர் 17-ந் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. அந்த நாளைத்தான் பென்ஷனர்கள் தினமாகக் கொண்டாடுகிறோம். இவரோடு அவரை ஒப்பிட்டுப் பார்த்ததால்தான் அந்த அநியாயம் வெளியே தெரிந்தது.

ஆகவே நியாயம் கேட்க ஒப்பிடலாம். அதற்கு ஒரு மனு உண்டு, ஒரு விதி உண்டு, ஒரு முடிவும் உண்டு. தீர்ப்பு வந்ததும் ஃபைலைக் கட்டி ரெக்கார்டு ரூமுக்கு அனுப்பிவிடலாம். மனசுக்குள் திறக்கிற ஃபைலுக்கு முடிவுத் தேதி கிடையாது, அதுதான் ஆபத்து. இதை எனக்குத் தெரிந்த இரண்டு நண்பர்களை வைத்துச் சொல்கிறேன். பெயர், இலாகா எதுவும் வேண்டாம்.

1974-ல் கல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கத்தில் ஒரு அறையில் நாங்கள் மூன்று பேர் பிரம்மசாரிகளாக இருந்தோம். ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், ஒரு பித்தளை ஃபில்டர். முதல் டிகாக்ஷன் யாருக்கு என்பதற்குத் தினமும் சண்டை. கடைசியில் திங்கள், செவ்வாய் என்று முறை போட்டுச் சுவரில் எழுதி வைத்தோம். மற்ற இருவரும் ஒரே இலாகா. மெரிட் லிஸ்டில் ஒருவருக்கு அடுத்தவர் இன்னொருவர். முன்னால் இருந்தவரை மூத்தவர் என்றும், அடுத்தவரை இளையவர் என்றும் வைத்துக்கொள்வோம். பதினைந்து வருஷம் கழித்து, ஏதோ நிர்வாகக் குளறுபடியில், இளையவருக்கு 14 மாதம் முன்னால் பிரமோஷன் வந்துவிட்டது. மூத்தவர் மனுப் போட்டார், வழக்குப் போட்டார். ஒன்பது வருஷம் நடந்து வழக்கில் ஜெயித்தார். அரியர்ஸ் வந்தது, அன்றைய விலையில் ஒரு ஸ்கூட்டர் வாங்கலாம். அவர் வழக்குப் போட்டது முற்றிலும் சரி என்றுதான் நான் இன்றும் சொல்வேன்.

ஆனால் வழக்கு முடிந்தும் ஒப்பீடு முடியவில்லை. இளையவரின் பிள்ளை அமெரிக்கா போனான், இவர் பிள்ளை போகவில்லை. அவர் புனாவில் மூன்று பெட்ரூம் வாங்கினார், இவருடையது இரண்டு. இத்தனைக்கும் குளறுபடி செய்தது ஆபீஸ். இளையவர் ஒரு பாவமும் அறியாதவர். அவருடைய சம்சாரம் காலமானபோது மூத்தவர் துக்கம் கேட்கக்கூடப் போகவில்லை. நான் சொல்லிப் பார்த்தேன். "அவனுக்கென்னடா குறை, எல்லாம் இருக்கு" என்றார். மனைவியை இழந்து நிற்பவனைப் பற்றிச் சொல்கிற வார்த்தையா அது!

ஆறு மாதம் கழித்து நான் புனா போய் இளையவரைப் பார்த்தேன். மூன்று பெட்ரூம், இரண்டு பூட்டிக் கிடந்தன. அவர் சொன்னார்: "அவன் குடுத்து வெச்சவன்டா. பொண்ணு ரெண்டு தெரு தள்ளி இருக்கா. தினம் கார்த்தால வந்து எட்டிப் பார்த்துட்டுப் போறாளாமே. எனக்கு ஞாயித்துக்கிழமை ஃபோன்தான்." அந்தப் பெண்ணைப் பற்றி மூத்தவர் முப்பது வருஷத்தில் என்னிடம் ஒரு தடவைகூடப் பெருமையாகச் சொன்னதில்லை. அவள் கொண்டு வரும் மோர்க்குழம்பை நானே சாப்பிட்டிருக்கிறேன்.

இளையவர் தூக்கத்திலேயே போய்விட்டார். செய்தி சொல்ல நான்தான் ஃபோன் செய்தேன். மூத்தவர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "டிகாக்ஷனுக்குச் சண்டை போட இனிமே யாருடா இருக்கா?" என்றார். நான் ஒருவன் இருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அவர் கேட்டது அதை இல்லை.

இதை நான் பல நாள் யோசித்தேன். ஒருவர் பாக்கியசாலி என்று எண்ணியது மற்றவரை. அந்த மற்றவர் எண்ணியது இவரை. இரண்டு பேருமே கணக்கில் கெட்டிக்காரர்கள். எங்கே பிசகியது?

எனக்குத் தோன்றிய விடை இதுதான். ஒப்பீடு என்பது கழித்தல் கணக்கு. அவரிடம் உள்ளதிலிருந்து என்னிடம் உள்ளதைக் கழிக்கிறேன். கழிக்கும்போது இரண்டு பக்கத்திலும் பொதுவாக இருப்பது அடிபட்டுப் போகும், பள்ளிக்கூட அல்ஜீப்ரா. எனக்குக் கண் தெரிகிறது, அவருக்கும் தெரிகிறது: அடித்துவிடு. இருவருக்கும் மாதம் பிறந்தால் பென்ஷன் வருகிறது: அடித்துவிடு. இருவருக்கும் மூன்று வேளைச் சாப்பாடு, சொந்தக் கூரை, நடக்கக் கால்: எல்லாவற்றையும் அடித்துவிடு. கடைசியில் மிஞ்சுவது ஒரு பெட்ரூம். அந்த மிச்சத்தைத்தான் நாம் நம் வாழ்க்கை என்று நினைத்துக்கொண்டு துக்கப்படுகிறோம். மேலும், பணம், பதவி, வீடு போல எண்ணால் எழுத முடிவதுதான் இந்தக் கணக்கில் ஏறும். தினம் காலையில் எட்டிப் பார்க்கும் பெண்ணை எந்தக் காலத்தில், எந்த எண்ணாக எழுதுவது? அதனால் அவள் கணக்குக்கே வருவதில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். எது எல்லாருக்கும் கிடைத்துவிட்டதோ அதுவே முதலில் அடிபடுகிறது. 1974-ல் பீகாரில் பெரியம்மை பயங்கரமாகப் பரவியது. 1975 மே மாதத்துக்குப் பிறகு இந்தியாவில் அது ஒருவருக்கும் வரவில்லை. போலியோ இல்லாத பிரதேசம் என்று 2014 மார்ச்சில் நம்மை அறிவித்தார்கள். நாடு சுதந்திரம் அடைந்த சமயத்தில் இந்தியனின் சராசரி ஆயுள் 32 வயதை ஒட்டி. இன்று 70-ஐ ஒட்டி. நாம் இங்கே உட்கார்ந்து ஒப்பிட்டுக்கொண்டிருப்பதே அந்த 38 வருஷத்தின் தயவில்தான்! டெலிபோனுக்கு மனுப் போட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தோம். காஸ் கனெக்ஷனுக்கும், ஸ்கூட்டருக்கும் அப்படியே. கிடைத்த அன்று தெருவுக்கே ஸ்வீட் கொடுத்தோம். இன்று எல்லாரிடமும் இருக்கிறது. எனவே கழித்தலில் பூஜ்யம். நன்றி என்பது கூட்டல் கணக்கு. பக்கத்து ஆளின் பக்கத்தைப் பார்க்காமல், நம்மிடம் இருப்பதை வரிசையாக எழுதிக் கூட்டினால்தான் அது வரும். கழித்தல் குறி போட்டுக்கொண்டு நன்றி சொல்ல யாராலும் முடியாது.

மேலே ஏறிவிட்டால் இந்தக் காய்ச்சல் தீருமா? இதற்குத் தைத்திரீய உபநிஷத்தில் ஒரு கணக்கே போட்டிருக்கிறது. ஆனந்தவல்லியில் வருகிறது. இளைஞன், நல்லவன், படித்தவன், திடகாத்திரமானவன், செல்வம் நிறைந்த பூமி முழுவதும் அவனுடையது. அவனுடைய ஆனந்தம் ஒரு யூனிட். அதைப் போல் நூறு மடங்கு மனுஷ்ய கந்தர்வருக்கு, அதைப் போல் நூறு மடங்கு தேவ கந்தர்வருக்கு என்று பத்துப் படிகள் ஏறுகின்றன. ஒன்றுக்குப் பின்னால் இருபது பூஜ்யம்! இந்திரன் ஏழாவது படியில்தான் இருக்கிறான். அவன் ஒப்பிட ஆரம்பித்தால் அவனுக்கு மேலேயும் பிருஹஸ்பதி, பிரஜாபதி, பிரம்மா என்று மூன்று பேர் உண்டு. விசேஷம் என்னவென்றால், ஒவ்வொரு படியிலும் உபநிஷத் ஒரு வரியைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது: ஆசையால் அடிபடாத வேதவித்துக்கும் இதே ஆனந்தம் உண்டு என்று. அதாவது அவர் எந்தப் படியும் ஏறவில்லை. இருந்த இடத்திலேயே அத்தனையும் கிடைத்துவிட்டது. நம் போன்ற கிருஹஸ்தர்களுக்கு அந்த நிலை வெகு தூரம். ஏணிக்கு முடிவு இல்லை என்பதையாவது தெரிந்துகொள்ளலாம்.

நமக்குள் இது நடந்தால் நமக்கு மட்டும்தான் நஷ்டம். குழந்தைகள் மேல் இதைப் போடும்போதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. கல்யாண மண்டபத்தில் காபி டம்ளரைக் கையில் வாங்குவதற்குள், "உங்க பிள்ளை எங்க இருக்கான்? என்ன பேக்கேஜ்?" அத்திம்பேர் பேத்திக்கு 97 பர்சென்ட், நீ ஏன் 91? தூரத்தில் இருக்கும் நாட்டுப்பெண் வாட்ஸ்அப்பில் அனுப்பிய போட்டோவை, தினம் சமைத்துப் போடும் நாட்டுப்பெண்ணிடமே காட்டிப் பெருமைப்படுகிறோம். அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். ஆனால் அன்று ரசத்தில் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். (சிரிப்பு) வேடிக்கை இருக்கட்டும். 91 வாங்கின குழந்தை அன்று சாயங்காலம் தாத்தாவிடம் பாராட்டை எதிர்பார்த்து வந்தது. கழித்துப் பார்த்து அதன் கையில் மைனஸ் ஆறைக் கொடுத்து அனுப்புகிறோம்.

நம் சங்கத்துக்கும் ஒரு விண்ணப்பம். நம் இதழில் ராங்க் வாங்கிய பிள்ளைகளின் போட்டோவைப் போடுகிறோம். நல்ல காரியம், தொடரட்டும். அதே பக்கத்தில், வயதான பெற்றோரை வைத்துக் காப்பாற்றுகிறவர்களையும், படுக்கையில் கிடக்கும் மாமியாருக்கு வருஷக்கணக்கில் செய்கிறவர்களையும் பற்றி, அவர்கள் சம்மதித்தால், நாலு வரி போடலாமே? மார்க்குக்கு மட்டும்தான் மரியாதை என்று அடுத்த தலைமுறை நினைக்க வேண்டாம்.

கடைசியாக, செய்யக்கூடிய மூன்று காரியங்கள். ஒன்று, ஒப்பிட்டே ஆக வேண்டும் என்றால், உங்களை உங்களோடேயே ஒப்பிடுங்கள்: 1974-ன் உங்களோடு. எனக்கு ஒரு ஸ்டவ்வும் மூன்றில் ஒரு பங்கு ஃபில்டரும் இருந்தன. இரண்டு, வாரம் ஒரு நாள், அந்த வாரத்தில் நன்றி சொல்லத் தக்க ஐந்து விஷயங்களை எழுதுங்கள். எம்மன்ஸ், மெக்கல்லோ என்ற இருவர் 2003-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பத்து வாரம் இப்படி எழுதியவர்கள், அதே பத்து வாரம் தொந்தரவுகளைப் பட்டியல் போட்டவர்களைவிடத் தங்கள் வாழ்க்கையைப் பற்றித் திருப்தியாக உணர்ந்தார்கள். பழைய டைரிகள் எல்லார் அகத்திலும் இருக்கும், செலவில்லை. மூன்று, எழுதியதோடு விடாமல், சம்பந்தப்பட்டவரிடம் வாயால் சொல்லுங்கள். முப்பது, நாற்பது, ஐம்பது வருஷமாகக் காபி போட்டுக் கொடுப்பவரிடம் "காபி நன்னா இருக்கு" என்று ஒரு வார்த்தை. முதல் நாள், "என்ன, உடம்பு சரியில்லையா?" என்று கேட்பார்கள். பரவாயில்லை, தொடருங்கள்.

80 வயது ஆனால் பென்ஷனில் 20 சதவீதம் கூடுதல் என்று ஆறாவது ஊதியக் குழு கொடுத்திருக்கிறது. 85-ல் 30, 90-ல் 40, 95-ல் 50, நூறு வயதில் இன்னொரு முழு பென்ஷன். அடுத்தவர் நம்மைவிட வயதானவர் என்று நாம் பொறாமைப்படும் ஒரே விஷயம் இதுதான். (சிரிப்பு) அந்தப் பொறாமை மட்டும் உங்கள் எல்லாருக்கும் நிறைவேறி, அத்தனை படிகளையும் ஆரோக்கியமாக ஏற வேண்டும் என்று பிரார்த்திக்கிறேன்.